எஞ்சினுக்குத் தலைக்கு ஊற்றலாமா?

கேள்வி: கார் எஞ்சின் பகுதியை வீட்டிலேயே கழுவலாமா? எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

துடைக்கலாம், தாராளமாக. ஹோஸ் பைப்பை மட்டும் எடுக்காதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பைப்பில் தண்ணீர் அடித்தேன். எஞ்சின் பளபளவென்று ஆனது. மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருப்பினால், வண்டி குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறுகிறது. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பழம் நசுங்கவே இல்லை.

தன் கடைப் பூஜையை முடித்துக்கொண்டு வந்த மெக்கானிக் அண்ணன், பானெட்டைத் திறந்ததுமே கேட்டார்: "என்ன சார், தலைக்கு ஊத்திட்டீங்களா?" ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். ஸ்பார்க் பிளக் உட்காரும் குழியில் ஒரு மிடறு தண்ணீர் தேங்கி நின்றது. ஸ்க்ரூடிரைவரில் பனியன் வேஸ்டைச் சுற்றி உள்ளே விட்டு விட்டு ஒற்றி எடுத்தார். நாலு குழிக்கும் முக்கால் மணி நேரம்.

'மழையில் ஓடுகிற வண்டிதானே?' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மழையில் பானெட் மூடியிருக்கிறது. எஞ்சின் மேல் யாரும் நேராகப் பீய்ச்சுவதில்லை. அதிலும் பழைய வண்டியில் ரப்பர் சீல்கள் இறுகி வெடித்திருக்கும்; வேகமாக அடிக்கிற தண்ணீர் சுலபமாக உள்ளே போய்விடும். பிரஷர் வாஷர் என்றால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் மடங்கிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். எஞ்சின் கையால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் கை சுடுவது ஒருபக்கம், டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்த உடனேயே காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்; மாட்டும்போது அதுதான் கடைசி. சில வண்டிகளில் திரும்ப மாட்டியதும் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும், அதை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காயில்கள், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய் எல்லாவற்றையும் பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிடுவேன். ஆயில் மூடியும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூசி. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும், தண்ணீரில் கலக்கும் வகை டிகிரீசரைத் துணியில் தெளித்துத் தடவி, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவும். காய விடக் கூடாது. பிறகு ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. பெல்ட்டில் எதுவும் படக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் யோசனையே வேண்டாம்: நெருப்பு அபாயம் ஒன்று, ரப்பர் குழாய்கள் ஊதிக் கெடுவது இன்னொன்று. ஹைப்ரிட் வண்டி என்றால் உயர் அழுத்த மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்கள் பக்கமே போக வேண்டாம்.

மொத்தத்தில் எனக்கு அரை பக்கெட் தண்ணீர்கூட ஆவதில்லை. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இங்கே குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் தெருவில் பலரும் ஈரத்துணிக்கு மாறியது அப்போதுதான். கீழே பழைய அட்டையை விரித்துவிட்டால் பிசுக்குத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குப் போய் ஏரியில் சேராது.

இன்னொரு விஷயம், எலி. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் பானெட்டுக்கு அடியில் கூடு கட்டி, ஒயரையும் கடித்து வைத்திருக்கும். புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு துணியால் எடுங்கள். எலி எச்சத்தால் வரும் நோய்கள் விளையாட்டல்ல. வைப்பருக்குக் கீழே இலைகள் அடைந்திருந்தால் அதையும் கையோடு அள்ளிவிடுங்கள். எங்கள் தெரு தூங்குமூஞ்சி மரத்தின் உபயத்தால், அங்கே வடிகால் அடைத்து, ஒரு மழையில் கால்மிதி வரை தண்ணீர் வந்தது.

முடிந்ததும் கவர்களை ஒன்று விடாமல் எடுங்கள், காற்று வாயில் இருப்பதை முக்கியமாக. பானெட்டை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, பேட்டரியை மாட்டி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். உதறல் இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

நான் இப்போதெல்லாம் பூஜைக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுகிறேன். ஏதாவது ஆனாலும் மெக்கானிக் கடை திறந்திருக்கும்.