மனு தள்ளுபடியானால் உடனே அப்பீல் போகலாமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். இனப் பாகுபாடு காட்டி வேலையை விட்டு நீக்கிய நிறுவனத்தின் மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டு, வக்கீல் இல்லாமல் நானே நடத்துகிறேன். மேலாளரின் மின்னஞ்சல்களைத் தரச் சொல்லி நான் போட்ட மோஷனை (மனுவை) போன வாரம் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மதுரையில் வக்கீலாக இருக்கும் மச்சான், "உடனே மேல்கோர்ட்டுக்குப் போ" என்கிறார். பிலடெல்ஃபியாவில் இருக்கும் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டில் அப்பீல் போடலாமா?

பதில்: மச்சான் சொல்வது மதுரைக்குச் சரி. அங்கே ஐ.ஏ. (இடைக்கால மனு) தள்ளுபடியானால் சி.ஆர்.பி. (சிவில் சீராய்வு மனு) கட்டைத் தூக்கிக்கொண்டு ஹைகோர்ட் கிளைக்கு ஓடுவது அன்றாடம் நடப்பது. உங்கள் ஊரில் அது எடுபடாது. பொதுவாக, வழக்கு முழுக்க முடிந்து இறுதித் தீர்ப்பு வந்த பிறகுதான் அப்பீல். இடையில் வந்த உத்தரவுகளை அதோடு சேர்த்துத்தான் எதிர்க்க வேண்டும். இன்ஜங்ஷன் (தடையுத்தரவு) மறுப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆவணம் கேட்கும் மனு அதில் சேராது. இப்போது பிலடெல்ஃபியாவுக்குப் போனால் 605 டாலர் கட்டணம்தான் போகும்.

சரி, உத்தரவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டது யார்? நியூஜெர்சியில் இப்படிப்பட்ட மோஷன்களைப் பெரும்பாலும் மாவட்ட நீதிபதிக்குத் துணையாக இருக்கும் மாஜிஸ்திரேட் நீதிபதிதான் விசாரிப்பார். அவர் என்றால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: அதே கோர்ட்டின் மாவட்ட நீதிபதியிடம் ஆட்சேபம். உத்தரவு உங்களுக்குச் சார்வு செய்யப்பட்டதிலிருந்து (முறைப்படி தரப்பட்டதிலிருந்து) 14 நாள்தான் கெடு, பாதி போய்விட்டது. தவறவிட்டால், பின்னால் இறுதி அப்பீலிலும் இந்தக் குறையைப் பேச முடியாமல் போகும். ஆனால் ஒன்று: உத்தரவு தெளிவாகத் தவறு அல்லது சட்டத்துக்கு முரண் என்று காட்டினால்தான் மாவட்ட நீதிபதி கை வைப்பார். "எனக்கு அநியாயம் நடந்தது" என்று எழுதினால் போதாது.

காரணத்தையும் படியுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசித் தீர்க்கப் பார்த்தோம் என்ற சான்றை இணைக்காமல் வக்கீல் இல்லாதவர்கள் மோஷன் போடுவது சகஜம். அதற்காகத் தள்ளியிருந்து, 'வித்அவுட் பிரெஜுடிஸ்' (மறுபடி போடத் தடையில்லை) என்றும் இருந்தால், எதற்கு ஆட்சேபம்? பேசிவிட்டு, நீதிபதி வைத்த கெடுவுக்குள் மறுபடி போடுங்கள்.

இறுதித் தீர்ப்பு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ் ஆஃப் அப்பீல், அதாவது அப்பீல் போகிறேன் என்ற அறிவிப்பு, கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருக்கும் வழக்கில் 60 நாள். தீர்ப்பைத் திருத்தக் கேட்டு 28 நாளுக்குள் மோஷன் போட்டால், அது முடிவான பிறகே அந்த 30 நாள் ஓடத் தொடங்கும்.

இந்தக் கணக்கில் யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள், நீதிபதியே சொன்னாலும். முதல் கெடுவைத் தவறவிட்ட ஒஹையோ கைதி கீத் பவுல்ஸுக்கு அப்பீல் போட மறுபடி கிடைத்த அவகாசம் விதிப்படி 14 நாள்தான். நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்துவிட்டார். பவுல்ஸ் நீதிபதி சொன்ன தேதிக்கு முந்தின நாளே போட்டார். அப்போதே 14 நாள் தாண்டியிருந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவரைத் திருப்பி அனுப்பியது. நான்கு நீதிபதிகளுக்கு மனசு கேட்கவில்லை, எனக்கும்தான்.

அப்புறம், அந்த நோட்டீஸைக் கொடுக்க வேண்டிய இடம் பிலடெல்ஃபியா அல்ல. உங்கள் வழக்கு நடக்கும் மாவட்டக் கோர்ட்டின் கிளார்க் அலுவலகம்.