பதில்: ஜன்னலுக்கு மேலே 6 மி.மீ. துளை இறங்கவில்லை

சுவரில் டிரில் போடும்போது ஒன்றரை சென்டிமீட்டர் வரை சுலபமாகப் போய், அப்புறம் டிரில் பிட் அதே இடத்தில் சுற்றி நீலமாகிறது என்கிறீர்கள். நீங்கள் தாண்டியது பூச்சு, இப்போது இடிப்பது லிண்டல் கான்கிரீட், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம். திரைச்சீலைக் கம்பி மாட்டும் இடம் பெரும்பாலும் அதுதான்.

முதலில் டிரில்லின் சுவிட்சைச் சுத்தியல் குறி போட்ட பக்கம் திருப்பியிருக்கிறீர்களா, பிட் கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை வைத்ததா என்று பாருங்கள். மரத்துக்கும் இரும்புக்குமான பிட் இங்கே வேலைக்கே ஆகாது. நீலமானதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், முனை மழுங்கியிருக்கும்.

முழு பலத்தையும் போட்டு அழுத்தாதீர்கள், சூடுதான் ஏறும். சில நொடி ஓட்டி, சுற்றும்போதே வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிடுங்கள். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்க வேண்டாம், கார்பைடு விரிசல் விடும். பாதியில் ஜல்லி தடுத்தால், பழைய கான்கிரீட் ஆணியைத் துளைக்குள் வைத்து நாலு அடி அடியுங்கள். ஜல்லி உடைந்து வழிவிடும். தூளோடு பளபளவென்று இரும்புத் துகள் வந்தால் அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. உடனே நிறுத்தி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் ரோட்டரி ஹாமரை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். சாதாரண டிரில்லில் பல்சக்கரம் அதிரும், அவ்வளவுதான். ரோட்டரி ஹாமரில் உள்ளே ஒரு பிஸ்டனே அடிக்கிறது. அதற்கு எஸ்டிஎஸ் பிட் (அடித்தண்டில் பள்ளம் வைத்தது) தனியாக வாங்கணும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு மேலே துளைக்கும்போது தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக்கின் நீளத்தைவிட, துளை ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூட இருக்கட்டும்.