மாமியார் எதுக்கு டிவி சத்தத்தைக் கூட்டினாங்க?

கேள்வி: அக்கா, நான் மன்னார்குடிப் பொண்ணு, கல்யாணம் ஆகி அமெரிக்காவுல ஒஹாயோல இருக்கேன். கணவர் இந்த ஊர்க்காரர், கிறிஸ்தவக் குடும்பம். இப்போ எட்டாம் மாசம், ஆண் குழந்தைன்னு சொல்லிட்டாங்க. பிறந்ததும் ஆஸ்பத்திரியிலயே முன்தோலை எடுத்துடணும்ங்கறார். "பையன் அப்பா மாதிரி இருக்கணும், எனக்குப் பண்ணி நான் நல்லாத்தானே இருக்கேன்"னு பேச்சு. மாமியாரும் அதான் சுத்தம்ங்கறாங்க. நல்லவங்கதான், அவருக்குப் பண்ணினப்போ அழுகை தாங்காம டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டாங்களாம், சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா பிரசவ நேரத்துல சண்டை வேண்டாம், அவரே கையெழுத்துப் போட்டுடட்டும், நான் அந்த நேரம் அந்தப் பக்கமே போகாம இருந்துக்கறேன். எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

பதில்: அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுங்கறது ஒரு விஷயமே இல்லம்மா, அந்த டிவிக்கு வா முதல்ல.

பிள்ளைக்கு ஊசி போடறப்போ நாம என்ன பண்றோம்? மடியில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு "ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லடா"ன்னு அதோட சேர்ந்து நாமளும் அழறோம், ஆனா எழுந்து போறதில்ல, ஏன்னா அது வேணும்னு நமக்குத் தெரியும். உன் மாமியார் சுத்தம்னு முழு மனசா நம்பியிருந்தா சத்தத்தைக் கூட்டியிருக்க மாட்டாங்க. அன்னிக்கு அவங்களும் உன்னை மாதிரி சின்னப் பொண்ணு, பிரசவக் களைப்புல கிடக்கறப்போ ஒரு ஃபாரத்தை நீட்டினாங்க, ஊரே போடற கையெழுத்தைப் போட்டாங்க. அதுக்கப்புறம் இத்தனை வருஷமும் அது தேவைதான்னு நம்பியே ஆகணும், இல்லைன்னா சும்மாவே பிள்ளையை அழவிட்டுட்டு டிவி பார்த்தேன்னு ஆயிடும், எந்தப் பெத்தவளால அதைத் தாங்க முடியும்? பேரனுக்கும் பண்ணிட்டா பழைய கணக்கு நேராயிடும், அவ்வளவுதான். அவங்களை நான் திட்டல. நீயும் திட்டாதே.

உன் வீட்டுக்காரருக்கும் அதேதான். நீ வேண்டாம்னு சொன்னா "உன் உடம்புல குறை இருக்கு"ன்னுதான் அவர் காதுல விழும். 1987ல அமெரிக்கக் குழந்தை மருத்துவப் பத்திரிகை ஒண்ணுல ஒரு ஆய்வு வந்துச்சு, பெத்தவங்க இந்த முடிவை எடுக்கறதுல எல்லாத்தையும்விட பெரிசா நின்னது அப்பாவுக்குப் பண்ணியிருக்கா இல்லையாங்கறதுதான். சரி, அப்பா மாதிரியே இருக்கணும்ங்கறாரே, பிள்ளை உன் நிறத்துல, உங்கப்பா மூக்கோட பிறந்து வந்தா அப்போ எந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுவாராம்?

அந்த நாட்டுல இது எப்படி வந்துச்சுன்னு பார்த்தா எனக்குச் சிரிப்பும் வருது கோபமும் வருது. 1870ல நியூயார்க்ல லூயிஸ் சேயர்னு ஒரு டாக்டர், நடக்க முடியாத சின்னப் பையனுக்கு இதைப் பண்ணி கால் சரியாயிடுச்சுன்னார். அப்புறம் கெல்லாக், நீ காலைல பாலூத்திச் சாப்பிடற அதே கார்ன் ஃப்ளேக்ஸ் கெல்லாக்தான், சுயஇன்பம் பண்ற பையன்களுக்கு மரத்துப்போற மருந்துகூட இல்லாம பண்ணணும், அந்த வலி தண்டனை மாதிரி மனசுல நிக்கும்னு எழுதி வச்சார். ஒரு காரணம் செத்தா இன்னொரு காரணம் வந்து உட்கார்ந்துக்குது. இங்கிலாந்துலயும் ஒரு காலத்துல இப்படித்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, 1949ல கெய்ர்ட்னர்ங்கற டாக்டர் இது தேவையில்லன்னு எழுதினார், அரசு மருத்துவத் திட்டமும் இதுக்குக் காசு தரல, பழக்கம் தேய்ஞ்சு போச்சு. நியாயமாவும் சொல்லிடறேன், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1971ல மருத்துவக் காரணமே இல்லைன்னாங்க, 2012ல ஆபத்தைவிட பலன் அதிகம், ஆனா எல்லா ஆண் குழந்தைக்கும் பண்ணுங்கன்னு சொல்ற அளவுக்கு இல்ல, பெத்தவங்க முடிவுன்னு விட்டுட்டாங்க.

மார்க்கத்துக்காகப் பண்றவங்க கதை வேற. யூதர்கள் எட்டாம் நாள் பண்றாங்க, பெரும்பாலும் தாத்தாவோ வேற பெரியவரோ மடியில வச்சுப் பிடிச்சுக்கறார். நம்மூர் முஸ்லிம் வீடுகள்ல சுன்னத்துன்னா சொந்தபந்தம் கூடும், விருந்து நடக்கும். அதுலயும் கேள்வி கேட்கறவங்க இருக்காங்க, அது அந்தந்த வீட்டுப் பேச்சு. ஆனா அங்க ஏன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு பதில் இருக்கு. உன் வீட்டுல இருக்கறது ஒரு ரிமோட்.

இப்போ உன் விஷயம். "அந்தப் பக்கமே போகாம இருந்துக்கறேன்"னு எழுதியிருக்கியே, கூச்சமா இல்லையா? மனசு ஒப்பலைன்னும் நீதான் எழுதற, கையெழுத்தை அவர் தலையில கட்டறதும் நீதான். முப்பது வருஷம் கழிச்சு உன் மருமககிட்ட நீயும் சிரிச்சுக்கிட்டே ஒரு கதை சொல்வே. நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல, என் மகளுக்குக் காது குத்தறப்போ எங்கண்ணன் மடியில உட்கார வச்சுட்டு, பொங்கப்பானை பார்க்கற சாக்குல கோயிலுக்குப் பின்னால போயிட்டேன், பொங்கல் அப்பவே இறக்கி வச்சாச்சு. ஆனா காதுல போட்ட ஓட்டை வேண்டாம்னா பல நேரம் தூர்ந்துக்கும்.

பெத்தவங்கன்னா பிள்ளைக்கு நடக்கறதை நின்னு பார்க்கணும், என் கட்சி அதுதான். இன்னிக்கே அவர்கிட்ட உட்கார்ந்து பேசு. அவர் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம், ஒரே கேள்வி கேளு: "பிள்ளையை நீ கையில பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் கூட நிப்பியா?" பதில் சொல்ல நேரம் கொடு, அம்மாகிட்ட போன் பண்ணிக் கேட்கட்டும், பரவாயில்ல. அவசரம் எதுவும் கிடையாது, இப்போ எடுக்கலைன்னா பையனே பெரியவனாகி வேணும்னா எடுத்துக்குவான், எடுத்துட்டா திரும்ப வைக்க முடியாது. அப்படியும் பண்றதுதான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணினா, மரத்துப்போற ஊசி போடுவாங்களான்னு வாய்விட்டுக் கேளு, உள்ளே விடுவாங்களான்னும் கேட்டு ரெண்டு பேரும் போய் நில்லுங்க.

எங்கம்மாங்கறியே, அவங்க வர்றப்போ இதைச் சொல்லு: பச்சைக் குழந்தைக்கு முன்தோல் ஒட்டித்தான் இருக்கும், தானா விலக வருஷக்கணக்காகும், எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறப்போ பின்னால இழுத்து இழுத்துவிட வேண்டாம். நம்ம பாட்டிமார் அதைச் செய்யாம இருக்க மாட்டாங்க, கேட்டா அதுவும் சுத்தம்னுதான் சொல்வாங்க.