கழுத்தில் கொழுப்பு, காலில் மரமரப்பு: கட்டியை எடுத்தால் சரியாகுமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. கழுத்து, தோள், மேல்முதுகு என்று கொழுப்பு திரண்டுகொண்டே போகிறது. மடேலுங் நோய் என்கிறார்கள். இப்போது இரு பாதங்களும் மரத்து, இரவில் எரிகின்றன. குடிப்பழக்கம் உண்டு. அறுவை சிகிச்சை செய்தால் கால் தொந்தரவும் தீருமா?

பதில்: தீராது. அந்த நம்பிக்கையில் அறுவை சிகிச்சைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கழுத்துக் கொழுப்பு நசுக்குவதால் பாதம் மரத்துப்போவதில்லை. இது உடலின் மிக நீளமான நரம்புகளை நுனியிலிருந்து அரிக்கும் பாதிப்பு. அதனால்தான் இரு பாதங்களிலும் ஒரேபோல் தொடங்குகிறது.

1888-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஓட்டோ மடேலுங் விவரித்த இந்த அரிய நோய், பெரும்பாலும் நெடுநாள் குடிக்கும் நடுத்தர வயது ஆண்களுக்கு வருகிறது. எனவே நரம்புக் கோளாறு முழுவதையும் மதுவின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்தக் கொழுப்பும் நரம்புக் கோளாறும் சேர்ந்து வந்திருக்கின்றன. சிலரிடம் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணு மாற்றமும் இருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இதுபோல் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலில் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யுங்கள். கூடவே சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் வேண்டும். பி12 குறைபாடு போல எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் ஒளிந்திருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. எரிச்சலுக்கு ப்ரீகாபலின், டுலாக்ஸடின் போன்ற மாத்திரைகள் உதவலாம். மரத்த இடத்தில் உணர்வை அவை மீட்டுத் தராது. அதனால் தினமும் பாதத்தைப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் இருப்பது எல்லாம் இனி உங்கள் இருவரின் வேலை.

மதுவை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள். நிறுத்தினால் புதிதாகக் கொழுப்பு சேர்வது மட்டுப்படலாம், இருப்பது பெரும்பாலும் கரையாது. பட்டினி கிடந்தாலும் அப்படித்தான். இதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அப்படியானால் அறுவை சிகிச்சை எதற்கு? கழுத்தைத் திருப்ப முடியாமை, விழுங்குவதில் சிரமம், தோற்றம் தரும் மனவேதனை ஆகியவற்றுக்கு. இந்தக் கொழுப்புக்கு உறை கிடையாது; தசைகளுக்கிடையே ஊடுருவியிருக்கும். முழுதாக எடுப்பது கடினம், திரும்ப வளர்வதும் உண்டு. மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள். சுவாசக் குழாய் செருகுவது சிக்கலாகலாம். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஆளும் தன்னியக்க நரம்புகளும் இந்நோயில் கெடுவதுண்டு.

தூக்கத்தில் பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, குரல் மாறுகிறது என்றால் அடுத்த சந்திப்பு நாள் வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.