ஹெமிஸ் திருவிழா டூர்: அட்வான்ஸ் கட்டும் முன்

கேள்வி: லடாக்கில் ஹெமிஸ் திருவிழாவை ஒட்டி 'கலாச்சாரச் சுற்றுலா' என்று ஏழு நாள் பேக்கேஜ் விளம்பரம் வந்திருக்கிறது. விமான டிக்கெட்டோடு ஒருவருக்கு 52,000 ரூபாய். முதல் நாள் லே, இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, நான்காம் நாள் பாங்காங் ஏரி, ஐந்தாம் நாள் மறுபடி லே, ஆறாம் நாள் 'ஹெமிஸ், திக்சே, ஷே', ஏழாம் நாள் ஊருக்கு. பாதிப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். நானும் மனைவியும் போகலாமா?

பதில்: இந்தத் திட்டத்துக்குக் கட்ட வேண்டாம். விலைக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் ஆசைப்படுவது திருவிழாவுக்கு. ஏழு நாளில் அவர்கள் அதற்கு ஒதுக்கியிருப்பதோ அரை நாள்கூட இல்லை. மூன்று இடங்களை ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஹெமிஸில் இரண்டு மணி நேரம் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

ஹெமிஸ் ட்செச்சு, லே அருகே உள்ள ஹெமிஸ் பௌத்த மடாலயத்தில் நடக்கும் இரண்டு நாள் விழா. திபெத்தில் பௌத்தத்தைப் பரப்பிய குரு பத்மசம்பவரின் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். திபெத்திய நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்தின் பத்தாம், பதினோராம் நாட்களில் வரும். அது சந்திரக் கணக்கு என்பதால் நம் காலண்டரில் தேதி ஆண்டுதோறும் நகரும். 2024இல் ஜூன் 16, 17. அடுத்த ஆண்டே ஜூலை 5, 6. ஆகவே 'ஜூன் கடைசியில் புறப்பாடு' என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. விழா எந்தத் தேதிகளில், அந்த இரண்டு நாளும் நீங்கள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஹெமிஸில் இருப்பீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது. ரசீதிலோ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், சாம் எனப்படும் அந்த முகமூடி நடனத்தின் நடையே நிதானமானது. தரையில் முனை ஊன்றும் அளவுக்கு நீண்ட கொம்புகள் ஒலிக்க, தாளங்கள் அதிர, பிக்குகள் பட்டு அங்கியின் அகலக் கைகளை விரித்து முற்றத்தை மெல்லச் சுற்றி வருவார்கள். கறுப்புத் தொப்பி அணிந்தவர்கள் ஆடுவது ஒன்று, பத்மசம்பவரின் எட்டு வடிவங்களும் வருவது இன்னொன்று. ஒரு நடனம் முடிந்து அடுத்தது தொடங்க நேரமாகும். மாவில் செய்த உருவத்தை வெட்டிச் சிதைத்துத் தீமையை அழிக்கும் சடங்கும் உண்டு. பத்து மணிக்கு மேல் வந்து பன்னிரண்டு மணிக்கு வண்டி ஏறுகிறவருக்கு இதில் ஒரு துண்டுதான் கிடைக்கும், அதுவும் முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையில். லேயிலிருந்து ஹெமிஸ் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். விழா நாளில் விடியற்காலையிலேயே கிளம்பினால்தான் முற்றத்தில் உட்கார இடம் கிடைக்கும்.

சில விளம்பரங்களில் 'அரிய தங்காவைத் தரிசிக்கலாம்' என்று இருக்கும். முத்துகள் பதித்த பத்மசம்பவர் தங்கா, அதாவது அந்தப் பெரிய துணி ஓவியம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, திபெத்திய நாட்காட்டியின் குரங்கு ஆண்டில்தான் விரிக்கப்படும். கடைசியாக 2016. அடுத்தது 2028. இடைப்பட்ட ஆண்டில் அதைக் காட்டுவதாக ஒருவர் சொன்னால் அவருக்கு விழாவைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இரண்டாம் நாள்தான். லே நகரே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து விமானத்தில் போய் இறங்குகிற உடம்புக்கு முதல் 48 மணி நேரம் ஓய்வு தேவை என்பதுதான் அங்கே எல்லோரும் தரும் அறிவுரை. இவர்கள் மறுநாளே 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லாவுக்கு ஏற்றுகிறார்கள். தலைவலி, வாந்தியோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. நுரையீரலில் நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. 'வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது சார்' என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது ஓய்வுக்கு மாற்று ஆகாது.

சரி, எப்படிக் கேட்பது? விழாவுக்கு முன் குறைந்தது இரண்டு முழு நாள் லேயில் தங்கல். மூன்றாம், நான்காம் நாட்கள் முழுக்க ஹெமிஸ். அதன் பிறகு திக்சே, நுப்ரா, பாங்காங். இடங்கள் அதேதான், வரிசை மட்டும் மாறுகிறது. ஒரு நாள் கூடலாம், அதற்கான செலவு நியாயமானது. மாற்ற மாட்டோம் என்றால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

வழிகாட்டி யார் என்றும் கேளுங்கள். கூடவே வரும் டூர் மேனேஜர் அறை, சாப்பாடு, வண்டி பார்ப்பவர். நடனத்தில் எந்த முகமூடி எவர் என்று சொல்ல லடாக்கி ஒருவர் வேண்டும். 'கலாச்சார' என்ற பெயருக்குக் கூடுதல் பணம் தருவது அவருக்காகத்தான். பெரும்பாலான பேக்கேஜ்களில் மதிய உணவு சேராது. விழா நாளில் மட்டுமாவது கையில் கட்டித் தரச் சொல்லுங்கள். அப்புறம், நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பயணக் காப்பீடு எடுத்தால் ஹெமிஸுக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: முதலில் அவருடைய மருத்துவர், பிறகுதான் காப்பீடு. மருத்துவர் சரி என்றால் பாலிசியில் மூன்று விஷயங்களைப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், அவசரமாகக் கீழே கொண்டுவரும் செலவு சேருமா. ரத்த அழுத்தத்தை மறைத்துப் பாலிசி எடுத்தால் தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது.

கேள்வி: சென்ற ஆண்டு லே போகும் விமானம் மோசமான வானிலையால் ரத்தாகி, மறுநாள்தான் போனோம். விழாவின் முதல் நாள் போயிற்று. அந்த நாளுக்கான ஹோட்டல், வண்டிப் பணத்தைக் கேட்டால் ஏஜென்ட் தர மறுக்கிறார். ரசீதில் 'வழக்கு டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது' என்றும் இருக்கிறது.

பதில்: வானிலைக்கு ஏஜென்ட் பொறுப்பில்லை. அந்த வாதம் வரும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் தராத சேவைக்கு வாங்கிய பணம் வேறு. அந்த இரவுக்கு ஹோட்டலுக்கு உண்மையில் பணம் கொடுத்தாரா, கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். லே விமானங்கள் வானிலையால் ரத்தாவது வழக்கம் என்று இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். விழாவுக்கு முந்தின நாள் போய் இறங்கும்படி திட்டம் போட்டு, அந்த அபாயத்தைச் சொல்லாமல் விற்றிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல விஷயங்கள் அங்கேயே பேசி முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லி என்ற அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பூட்டானில் பாரோ ஊரின் ட்செச்சு விழா பார்க்க ஒரு பேக்கேஜ். இந்தியர்களுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, ஆதார் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டும் தவறு. இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் 'நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்' உண்டு. 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே இல்லை. பேக்கேஜ் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து இரவு, இரண்டு பேர் என்றால் 12,000 ரூபாய் வித்தியாசம். ஆவணமாகப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. வெளிநாட்டு டூர் என்பதால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்பதையும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள்.

தேதி விஷயம் இங்கேயும் உண்டு. பாரோவில் விழா பல நாள் நடந்தாலும், தோங்ட்ரெல் என்ற மாபெரும் துணி ஓவியத்தை விரிப்பது கடைசி நாள் விடியலுக்கு முன்புதான். வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். கடைசி நாளுக்கு முந்தின இரவு உங்கள் அறை திம்புவில் இருந்தால், அந்த இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் வர வேண்டியிருக்கும். அந்த ஒரு இரவாவது பாரோவிலேயே தங்கும்படி மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.