கத்தரி நாற்றுகளைக் கடிப்பவை நத்தைகளே

வணக்கம். மழைக்குப் பிறகு கத்தரி நாற்றுகள் இரவோடு இரவாகக் கடிபடுவதாகவும், காலையில் இலைமேல் வெள்ளிக் கம்பிபோல் ஒரு தடம் காய்ந்து பளபளப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது நத்தையின் கோழை என்பதால், புழுவுக்கென்று நீங்கள் தெளிக்கும் வேப்பெண்ணெய் மட்டும் போதாது. மாலையில் நனைத்த சாக்கைப் பாத்தியோரம் விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்தால், இரவெல்லாம் மேய்ந்த நத்தைகள் விடியும்போது அங்கே ஒதுங்கும். வெயில் ஏறுமுன் சாக்கைப் புரட்டி, அவற்றைப் பொறுக்கி, உப்பு கரைத்த வாளி நீரில் போடுங்கள். தயவுசெய்து வெறுங்கையால் தொடாதீர்கள், ஏனெனில் சில நத்தைகளின் உடலில் மூளையைத் தாக்கும் நுண்புழு இருக்கக்கூடும். உப்பை மண்ணில் தூவிவிடாதீர்கள், வேர் கருகிவிடும். நீர் பாய்ச்சுவதையும் மாலையிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். இரவில் மேல்மண் உலர்ந்திருந்தால் நத்தையால் எளிதில் ஊர முடியாது.