பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்குள் இருட்டில் படம் எடுப்பது எப்படி? ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றினால் புள்ளி புள்ளியாக வருகிறது, வளவுக்கு (நடு முற்றம்) மேல் வானம் வெளுத்துவிடுகிறது

இரண்டும் வேறு வேறு சிக்கல். புள்ளிகளை ட்ரைபாட் தீர்த்துவிடும். கட்டடம் எங்கும் ஓடிவிடாது, ஷட்டரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம், ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியதில்லை. தலைவலி வெளிச்ச வித்தியாசம்தான். இந்த வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசல்கள் நேர்கோட்டில் போகும். நடுவே திறந்த வளவில் வெயில் கொட்டும். சுற்றியுள்ள அறைகளில் ஜன்னல்கள் சாத்தி வருடக்கணக்காகியிருக்கும். எந்த கேமராவும் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்காது.

அதனால் முதலில் நேரத்தை மாற்றுங்கள். உச்சி வெயிலில் போகவே வேண்டாம். மேகமூட்டமான நாள் நல்லது. அதைவிட நல்லது சூரியன் மறைந்த பிறகு வரும் சுமார் 20 நிமிடம். வானத்து வெளிச்சம் இறங்கி உள்ளறைக்குச் சமமாக வரும். நம் ஊரில் அந்தி சட்டென்று முடிந்துவிடும், எனவே கோணம், ஃபோகஸ் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே தயாராக இருக்கட்டும்.

செட்டிங்: மேனுவல், ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப்/8. எஃப்/16 தேவையில்லை, கூர்மை குறையும், நேரமும் நான்கு மடங்காகும். ட்ரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) அணையுங்கள். பல பழைய லென்ஸ்களில் அதுவே படத்தை ஆட்டிவிடும். 2 நொடி டைமர் அல்லது ரிமோட். டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரை மூடுங்கள், பின்னாலிருந்து ஒளி கசியும்.

எத்தனை நொடி என்று தெரிய, ஐஎஸ்ஓ 6400-இல் ஒரு சோதனைப் படம் எடுங்கள். அதில் 1 நொடி சரியாக வந்தால் ஐஎஸ்ஓ 100-க்கு 64 நொடி. பெரும்பாலான கேமராக்கள் 30 நொடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் பல்ப் மோட், பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். அந்தியில் அவ்வளவு நேரம் கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓ 400, 16 நொடி, ஒன்றும் கெட்டுவிடாது. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் (நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளிகளைக் கேமராவே குறைக்கும் வசதி) போட்டிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு நேரம் போகும், அந்தியில் அணைத்தே வையுங்கள்.

வளவும் தெரியவேண்டும் என்றால் கேமராவை அசைக்காமல் 1/4, 1, 4, 16 நொடி என நான்கு படம் எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். முதல் படத்தில் வானம் வெளுக்காமல் இருக்கவேண்டும், கடைசியில் மூலை இருட்டுக்குள் விவரம் தெரியவேண்டும். சேர்க்கும்போது இருட்டை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். அறை இருட்டாகத்தான் இருந்தது. தூணும் சுவரும் ஒரே வெளிச்சத்தில் மின்னினால் ரிசார்ட் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

பலர் ஏமாறும் இடம் கேமரா திரை. இருட்டில் கண் பழகியிருப்பதால் குறைவான எக்ஸ்போஷரும் பளிச்சென்று தெரியும். திரை வெளிச்சத்தைக் குறைத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மட்டும் நம்புங்கள். ஆட்டோஃபோகஸும் இருட்டில் தடுமாறும். தூணில் டார்ச் அடித்து, லைவ் வ்யூவில் (திரையில் தெரியும் நேரடிக் காட்சி) பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நிறச் சமன் செய்யும் வைட் பேலன்ஸை 5200 கெல்வினில் நிறுத்தினால் எல்லாப் படமும் ஒரே நிறத்தில் வரும்.

ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச்சால் சுவரில் வெளிச்சம் பூசுவதாக இருந்தால் கேமரா பக்கத்தில் நின்று அடிக்கவே கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர், நேராக அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டாகிவிடும். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே அடியுங்கள். விரிசலும் உரிந்த பூச்சும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். தூசியெல்லாம் வெள்ளை வட்டங்களாகப் பதியும், வௌவால்களும் கலைந்து பறக்கும்.

வௌவால் எச்சம் காய்ந்து கிடக்கும் இடத்தில் என்95 முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். மாடிக்கு ஏறும் முன் கீழிருந்து கட்டைகளைப் பாருங்கள், கரையானும் மழைநீர்க் கறையும் தெரிந்தால் ஏறாதீர்கள். மரத்தளத்தில் ஷட்டர் திறந்திருக்கும்போது நடந்தால் படம் ஆடிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ட்ரைபாடின் இரும்பு முனை கீறும், ரப்பர் காலையே வையுங்கள். தனியாகவும் போகாதீர்கள்.

அனுமதி தனிக்கதை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பார்கள், ஆளுக்கொரு ஊரில். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டது அனுமதி ஆகாது. படத்தை விற்பதாக இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் ஏற்றும் முன் படத்திலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பழம்பொருள் சந்தையில் நல்ல விலை இருக்கிறது. ஆளில்லாத வீட்டுக்கு நீங்களே வழி காட்ட வேண்டாம்.